எட்டு கிராம் தோட்டம்

தராசுத் தட்டில் ஒரு வட்டம் கிடந்தது. வெள்ளைச் சார்ட் அட்டையில் என் கையால் வெட்டிய வட்டம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னது. ஒரு பக்கம் லேசாகச் சப்பியிருந்தது.

தோஹாவில் நஜ்மா என்ற பகுதியில் செய்யது காக்காவின் அத்தர் கடை. வெள்ளிக்கிழமை, மாலை நேரத்து அசர் தொழுகை முடிந்து அவர் ஷட்டரைத் தூக்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காயல்பட்டினத்துக்காரர், அறுபதை நெருங்கிய ஆள். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் செங்கோட்டைக்காரன். ஊரில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதில்லை, இங்கே வந்துதான் எனக்கு ஒரு காக்கா கிடைத்தார்.

தராசின் சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றன.

"எட்டு," என்றார் காக்கா. "எட்டு கிராம் காயிதம். பொதிஞ்சு தரவா தம்பி, இல்ல அப்படியே கொண்டு போறியளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னோடு ஒரே ரூமில் இருக்கும் முருகேசன் மூன்று மாதமாகக் கம்பெனி ஸ்டோர் யார்டில் பாரம் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் தப்பு செய்தானா, நான் செய்தேனா என்பது அந்த எட்டு கிராமில் இருந்தது.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

நாலு மடிப்பு

கத்தாருக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் மரவாடியில் வேலை பார்த்தேன். தடி அளந்து எழுதுவது என் வேலை. வாங்க வந்தவர் ஒரு பக்கம் நிற்பார், முதலாளி ஒரு பக்கம் நிற்பார். நடுவில் நான் கயிறும் கையுமாக நிற்பேன்.

முறை ரொம்ப எளிது. தடியின் நடுவில் கயிற்றைச் சுற்று. அந்த நீளத்தை நாலாக மடி. மடிப்பின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கு. பிறகு தடியின் நீளத்தால் பெருக்கு. கன அடி வந்துவிடும். ஒன்பது வருஷத்தில் ஒருத்தரும் இந்தக் கணக்கோடு சண்டை போட்டதில்லை. கயிற்றை இழுத்துப் பிடித்தேனா, தொளதொளவென்று விட்டேனா என்பதில்தான் சண்டை எல்லாம்.

ஆக, எதையும் சுற்றி அளந்து நாலாக மடித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்பது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஏன் என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இங்கே எங்கள் கம்பெனிக்கு வில்லாக்களில் செயற்கைப் புல் விரிக்கிற வேலை. பச்சைப் பாய் போல ரோலாக வரும். அகலம் இரண்டு மீட்டர், நீளம் இருபத்தைந்து மீட்டர். ஒரு ரோலைத் தூக்க நாலு பேர் வேண்டும். முதல் வருஷம் நானும் அந்த நாலில் ஒருத்தன். அந்த வருஷமே என் முதுகில் டிஸ்க் நழுவியது.

டாக்டர் இனி பாரம் தூக்கக் கூடாது என்றார். தூக்காதவனுக்கு இங்கே என்ன வேலை? பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று இருந்தபோது ஃபோர்மேன் ரஹ்மத் பாய் கேட்டார். அவர் பெஷாவர் பக்கத்து ஆள், என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, உனக்கு மெஷர்மென்ட் தெரியுமா?"

"ஒன்பது வருஷம் அதான் பாய் பாத்தேன்," என்றேன். அது பொய்யே இல்லை.

முதல் தோட்டம் பத்துக்குப் பன்னிரண்டு மீட்டர். சுற்றி நாற்பத்துநாலு. நாலாக மடித்தால் பதினொன்று. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் நூற்று இருபத்தொன்று. நிஜமான பரப்பு நூற்று இருபது. வெட்டுக் கழிவுக்கு வழக்கமாகப் போடுவதையும் போட்டுச் சொன்னேன், புல் கச்சிதமாக இருந்தது. அடுத்த நாலைந்து தோட்டமும் ஏறக்குறைய சதுரம்தான். ரஹ்மத் பாய் முதலாளியிடம் என் தோளைத் தட்டிக் காட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போன் போட்டு, நான் இப்போ மெஷர்மென்ட் என்று பெருமை அடித்தேன். அப்படியென்றால் என்ன என்று என் பெண்டாட்டி கேட்டாள். இனிமேல் தூக்க வேண்டாம் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வட்டம்

முருகேசன் புதுக்கோட்டைப் பக்கம். வயது முப்பது இருக்கும். அவன் கையில் கத்தி இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புல்லின் பின்பக்கம் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. நீச்சல் குளத்தின் வளைவு அப்படியே வந்து உட்காரும். புல் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் படும்போது ஒரு துண்டு பச்சையாகவும் பக்கத்துத் துண்டு சாம்பலாகவும் தெரியும். அதனால் மிஞ்சிய துண்டைத் திருப்பிப் போட்டு இடத்தை அடைக்க முடியாது. அந்தச் சாய்வை அவன் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வான்.

ரூமில் அவன் கட்டில் மேலே, என் கட்டில் கீழே. எதற்கெடுத்தாலும் அண்ணே. டீ போட்டால் என் டம்ளரில்தான் முதலில் ஊற்றுவான்.

அவன் வெட்டுவதற்கு ஒரு வரைபடம் வேண்டும். அதையும் நான்தான் போடுவேன். தோட்டத்தின் நடுவே நேராக ஒரு கயிறு கட்டி, மீட்டருக்கு மீட்டர் இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று டேப் பிடித்து, கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்துச் சேர்ப்பேன். எப்படிப்பட்ட கோணல்மாணல் தோட்டமும் நோட்டில் வந்துவிடும். அந்தப் படத்திலேயே பரப்பைப் பார்க்கலாமே என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. படம் முருகேசனுக்கு, கயிறு எனக்கு.

பிறகு அந்த வட்டத் தோட்டம் வந்தது. சுத்தமான வட்டம் இல்லை, ஒரு பேரீச்சை மரத்துக்கு இடம் விட்டு ஒரு பக்கம் சப்பியிருக்கும். சுற்றளவு முப்பத்தொன்றரை மீட்டர் சொச்சம். நாலாக மடித்துப் பெருக்கி அறுபத்திரண்டு என்றேன். கழிவுக்கு எட்டு. ஆக எழுபது சதுர மீட்டர் புல் வந்தது.

இருபது குறைந்தது.

ஒரே சாயத்தில் வந்த அந்த லாட் புல் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த லாட்டின் பச்சை கொஞ்சம் கறுத்த பச்சை. வேறு வழியில்லாமல் அதைப் போட்டு அடைத்தார்கள். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, அந்த ஒட்டின் மேல் செருப்பு நுனியால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரஹ்மத் பாய் நியாயமான ஆள். யோசித்துத்தான் பேசினார். "சுற்றிப் பதிக்க ஓரக் கல் முப்பத்திரண்டு மீட்டருக்கு வாங்கினோம். அரை மீட்டர் மிச்சம். அப்போ சாமியின் அளவு சரி. அளவு சரின்னா வெட்டுதான் தப்பு."

எல்லாரும் முருகேசனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

நான் என்ன சொன்னேன் என்பதை இத்தனை நாள் கழித்து எழுதவும் கை கூசுகிறது. "சாய்வு பாத்து வெட்டுறேன்னு நெறைய வீணாக்கிட்டான் போல பாய்." இதுதான் சொன்னேன். அவன் வீணாக்கியதை நான் பார்க்கவில்லை. ஆனால் என் கயிறு தப்பாது என்று நிஜமாகவே நம்பினேன். நம்பிச் சொன்னால் பாவம் குறையுமா என்று தெரியவில்லை.

அவன் கத்தியைப் பிடுங்கவில்லை, அவனைத்தான் ஸ்டோர் யார்டுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரூமில் நான் "மெஷர்மென்ட் சார்" ஆனேன். டீ போட்டால் தன் டம்ளரோடு வெளியே போய்விடுவான்.

நீளம்

மூன்று மாதம் கழித்து இன்னொரு தோட்டம். மதில் ஓரமாக நீளமாக ஓடி, கடைசியில் லேசாக வளையும். சுற்றளவு அறுபத்துநாலு. மடிப்பு பதினாறு. பரப்பு இருநூற்று ஐம்பத்தாறு. ஆறு ரோல் இறக்கினோம்.

இரண்டு ரோல் பிரிக்காமலே மிஞ்சியது.

ரஹ்மத் பாய் அந்த இரண்டு ரோலின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். "போன தடவை குறைஞ்சது. வெட்டுறவன் தப்புன்னோம். இப்போ கூடுது. இது யார் தப்பு சாமி?"

எனக்கு அது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய குடைச்சல் ஒன்று இருந்தது. என் முறை தப்பு என்றால் எப்போதும் குறைய வேண்டும், அல்லது எப்போதும் கூட வேண்டும். ஒரே கயிறு, ஒரே மடிப்பு. வட்டத்தில் ஏன் குறைகிறது, நீளத்தில் ஏன் கூடுகிறது? சதுரத்தில் மட்டும் ஏன் நல்ல பிள்ளையாக இருக்கிறது?

இதற்குள் அடுத்த தோட்டம் தலைமேல் வந்து நின்றது. குளத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு பக்கம் விரல் மாதிரி நீட்டிக்கொண்டு, தோசை ஊற்றத் தெரியாதவன் ஊற்றிய தோசை போல ஒரு வடிவம். ஸ்டோரில் அந்த லாட் ஐந்து ரோல்தான் இருந்தது, அதையும் இன்னொரு சைட்டோடு பங்கு போட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கணக்கு வேண்டும் என்றார் ரஹ்மத் பாய். "இதுவும் தப்பானால் கலாஸ் சாமி, எல்லாம் முடிந்தது. நீயும் யார்டுக்குத்தான்." யார்டு என்றால் தூக்க வேண்டும். தூக்கினால் என் முதுகு போய்விடும்.

போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். ரூமில் இருக்கும் பையன்களும் அதைத்தான் சொன்னார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் விரலால் கோடு போட்டால் பரப்பு வந்துவிடுமாம். போட்டுப் பார்த்தோம். படம் பழசு. அந்த வில்லா இருக்கிற இடத்தில் வெறும் மணலும் ஒரு ஒட்டகக் கொட்டிலும்தான் தெரிந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்து பார்த்தேன். நான் குளத்துக்குள் இரண்டு தடவை இறங்கி ஏறியதாக அது காட்டியது.

நோட்டில் போட்ட படத்தில் கட்டங்களை எண்ணினேன். முழுக் கட்டம் சரி, ஓரத்தில் அரையும் காலுமாக நிற்கிற கட்டங்களை என்ன செய்வது? மூன்று தடவை எண்ணி மூன்று விடை வந்தது. நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதானே என்று காக்காவைப் பார்க்கக் கிளம்பினேன்.

கட்டை

காக்காவின் கடையில் அகில் கட்டை விற்பார்கள். அரபிகள் ஊது என்பார்கள், காக்காவும் அப்படித்தான். கனலில் போட்டால் ஊரையே தூக்கும் வாசனை. பார்வைக்கு என்னவோ அடுப்படியில் கிடக்கிற சிராய் மாதிரிதான் இருக்கும். நெளிந்து, குழிந்து, ஓட்டை விழுந்து, இரண்டு துண்டு ஒரே மாதிரி இருக்காது.

ஒரு வாடிக்கையாளருக்கு அதை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மரம். இதுவும் மரம்தானே. ஒன்பது வருஷம் மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்தவன், மரத்தைத் தராசில் போடுவதைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் காக்கா, இத நீளம் அகலம் பாத்து விக்க முடியாதோ?"

"இதுக்கு எங்க தம்பி நீளம் ஈக்கிது, அகலம் ஈக்கிது?" என்றார். "இது அல்லா படைச்ச கோலம். தட்டுல போட்டா அது சொல்லிட்டுப் போவுது."

எனக்குள் என்னவோ சடக்கென்று திரும்பியது. ஒரே தடிமனான அட்டையில் தோட்டத்தை வரைந்து வெட்டினால், அதையும் தட்டு சொல்லிவிடாதா?

பக்கத்துக் கடையில் ஒரே கட்டாக நாலு சார்ட் அட்டை வாங்கிவந்தேன். காக்காவின் கல்லா மேசையிலேயே உட்கார்ந்து, நோட்டில் இருந்த படங்களைப் பார்த்து வரைந்தேன். நிலத்தில் ஒரு மீட்டர், அட்டையில் இரண்டு சென்டிமீட்டர். முதலில் பத்து மீட்டர் சதுரத் தோட்டம் ஒன்றை வெட்டித் தட்டில் வைத்தோம். நூறு சதுர மீட்டர் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த தோட்டம். பத்து புள்ளி இரண்டு கிராம். இனி எதை வைத்தாலும் இதோடு ஒப்பிட்டால் போதும்.

நீளத் தோட்டத்தை வைத்தோம். பதினைந்து கிராம் சொச்சம். அதாவது நூற்று ஐம்பது சதுர மீட்டர். நான் சொன்னது இருநூற்று ஐம்பத்தாறு. வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வட்டத்தை வெட்டினேன். வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தேன். எட்டு கிராம் வந்தது. எழுபத்தெட்டு சதுர மீட்டர். கழிவையும் சேர்த்தால் ஏறக்குறைய தொண்ணூறு வேண்டும். நான் கொடுத்தது எழுபது. குறைந்தது இருபது.

முருகேசன் ஒரு சாண் புல்லைக்கூட வீணாக்கவில்லை.

அத்தர் பெட்டிக்குக் கட்டுகிற தங்க நிற நூல் மேசையில் கிடந்தது. அதில் ஒரு முழம் எடுத்து முனைகளை முடிந்து வளையமாக்கினேன். வட்டமாக வைத்தேன், உள்ளே நிறைய இடம். சதுரமாக இழுத்தேன், கொஞ்சம் குறைந்தது. நீளமாக இழுத்தேன், இன்னும் குறைந்தது. இரண்டு விரலால் முழுக்க இழுத்தேன், நூல் நூலோடு ஒட்டிக்கொண்டது, உள்ளே ஒன்றுமே இல்லை. நூல் அதே நூல்தான். நாலாக மடித்துப் பெருக்குவது சதுரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சுற்றளவு உள்ளே இருப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பது எனக்கு நாற்பத்தோரு வயதில் ஒரு அத்தர் கடையில் தெரிந்தது. கணக்கு வாத்தியார்கள் சிரிக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. தடியின் வெட்டுமுகமும் வட்டம்தான். அப்படியானால் மரவாடியில் நான் எழுதிய ஒவ்வொரு தடியும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பட்டைக்கும் மரத்தூளுக்கும் போகட்டும் என்று விற்கிறவரும் வாங்குகிறவரும் என்றைக்கோ ஒத்துக்கொண்ட வழக்கமாக இருக்க வேண்டும். அதை நான்தான் உண்மை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறேன்.

பாயிடம்

சனிக்கிழமை காலை பஸ் கிளம்பும் முன் ரஹ்மத் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதுத் தோட்டத்தையும் சேர்த்து வெட்டி நிறுத்துப் பார்த்த அட்டைகளையும் காட்டினேன். அவர் உருதுவில் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன்.

"இதை உன்கிட்ட யாரும் கேக்கலையே சாமி."

"கேக்கல பாய்."

"அப்புறம் ஏன் சொல்றே?"

"கத்தி சரியா இருந்துச்சு பாய். கயிறுதான் தப்பு."

அவர் வட்டத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "புது தோட்டம் எவ்வளவு?" என்றார்.

"பத்தொம்பது கிராம். நூத்தி எண்பத்தாறு மீட்டர்."

"எவ்வளவு புல் இறக்கணும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பரப்பு தெரியும். ஆனால் இரண்டு மீட்டர் அகலப் பட்டைகளை ஒரே சாய்வாக அந்தத் தோசையின் மேல் போட்டால் எவ்வளவு வீணாகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

"அவனையே போய்க் கேள்," என்றார் ரஹ்மத் பாய். "அவன் வந்தால் வரட்டும். வராவிட்டால் நீ தூக்கு."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைப்பானேன். நாலு ரோலும் ஐந்தாவதில் பத்து மீட்டரும் இறக்கினோம். வேலை முடிந்தபோது மிஞ்சிய துண்டு இரண்டடிக்கு மேல் இல்லை. அது இப்போது எங்கள் ரூம் வாசலில் கால் துடைக்கக் கிடக்கிறது. நான் இன்னும் அளக்கிறேன். மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை காக்காவின் தராசில் தோட்டம் நிறுக்கிறேன்.

ஆனால் நான் எழுத நினைத்தது அந்தச் சனிக்கிழமை பத்து மணியைப் பற்றி.

யார்டு

ஸ்டோர் யார்டில் தகரக் கூரை. முருகேசன் லாரியிலிருந்து ரோல் இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். ரோல் தரைக்கு வரும்வரை நின்றேன்.

"முருகேசா, அந்த வட்டத் தோட்டம். உன் வெட்டு சரிடே. நாந்தான் இருபது மீட்டர் கொறச்சுக் குடுத்துட்டேன். பாய்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அன்னைக்கே தெரியும்," என்றான்.

"தெரிஞ்சா ஏண்டே சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்."

அட்டை வட்டத்தை நீட்டினேன். எப்படி நிறுத்தேன், நூறு சதுர மீட்டர் எவ்வளவு வந்தது, இது எவ்வளவு வந்தது என்று உளறிக்கொண்டே இருந்தேன். அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை. வட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் கட்டைவிரல் நின்றது.

பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தான். மூன்று மாதம் ரோல் தூக்குகிற வேலைக்குக் கத்தி எதற்கு? தினமும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறான். லாரியின் பலகையில் அட்டையை வைத்து, ஒரே இழுப்பு. தலைமுடி கனத்துக்கு ஒரு சுருள் கீழே விழுந்தது. சப்பிய பக்கம் இப்போது நிஜத் தோட்டத்தில் இருந்த மாதிரியே வளைந்தது.

அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த புதுத் தோட்டத்தின் படத்துக்குக் கையை நீட்டினான்.

"கோணலா வெட்டியிருக்கீகளேண்ணே," என்றான்.

அந்த அண்ணேயைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.